சித்தப்பாவின் நோட்டும் ஒரு சிபிஇசட் கோப்பும்



போன மாசம் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் பழைய நண்பர் ஒருத்தரைப் பார்த்தேன். டீ குடிச்சுக்கிட்டே கேட்டார்: "எங்கிட்ட ஸ்கேன் பண்ணின காமிக்ஸ் ஒரு ஹார்ட் டிஸ்க் நிறைய கிடக்கு. படிக்கவும் அடுக்கி வைக்கவும் எந்த சாஃப்ட்வேர் நல்லது? ஒரே ஒரு பேர் சொல்லுங்க, போதும்."

ஒரு பேர் சொல்லிட்டு வந்திருக்கலாம். ஆனா எனக்கே இதில் ஒரு தெளிவு வர்றதுக்கு பதினஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சு. நடுவில், திரும்ப எங்கேயும் வாங்க முடியாத ஒண்ணைத் தொலைச்சும் தொலைச்சேன். அதனால பேர் கடைசியில். முதல்ல கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன், பொறுத்துக்கோங்க :-)

ட்ரங்குப் பெட்டி

எங்க வீடு நாகல் நகர். சௌராஷ்டிரக் குடும்பங்கள் நிறைய இருக்கிற நெசவுப் பகுதி. சின்ன வயசில் கண் முழிச்சா தறிச் சத்தம், அது ஓய்ஞ்சா ஸ்டேஷன் பக்கமிருந்து ரயில் சத்தம். சித்தப்பா வீடு அடுத்த தெரு. நூல் மில்லில் ஷிப்டு வேலை பார்த்தார். சம்பளம் வந்த மறுநாள் சித்தி கையில் பணம், சித்தப்பா கையில் ஒரு காமிக்ஸ். இதுதான் அந்த வீட்டு பட்ஜெட்.

அவர் தலைமுறைக்கு அது சரியான காலம். 1972 ஜனவரியில் சிவகாசியிலிருந்து சௌந்திரபாண்டியன் அவர்கள் முத்து காமிக்ஸை ஆரம்பிச்சார். முதல் இதழ் 'இரும்புக்கை மாயாவி'. பிரிட்டனில் 1962-ல் வேலியண்ட் என்ற வார இதழில் தொடங்கிய தொடர் அது. ஸ்பெயின் ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ வரைஞ்ச படங்கள் மதுரை, விருதுநகர் தாண்டி இருக்கிற சிவகாசியில் தமிழ் பேசி, நம்ம ஊர்ப் பெட்டிக்கடைக் கயித்தில் தொங்கின. அப்ப சித்தப்பாவுக்கு பதினஞ்சு வயசு. சொல்லணுமா என்ன!

1984 ஜூலையில் ஒரே மாசத்தில் ரெண்டு பேர் களத்தில் குதிச்சாங்க. சௌந்திரபாண்டியனின் மகன் விஜயன் ஆசிரியரா இருந்து லயன் காமிக்ஸை ஆரம்பிச்சார், முதல் இதழ் 'கத்தி முனையில் மாடஸ்டி'. இன்னொரு பக்கம் தினத்தந்தி குழுமத்தின் ராணி காமிக்ஸ், ஜேம்ஸ் பாண்டோட வந்தது. சித்தப்பா ரெண்டையும் வாங்கினார். சித்தி ரெண்டு நாள் பேசலை.

வாங்கினதெல்லாம் ஒரு ட்ரங்குப் பெட்டியில். அதுக்கு நம்ம ஊர்ப் பூட்டு ஒண்ணு. சாவி சித்தப்பாவோட அரைஞாண் கயித்தில். பசங்களுக்கு ஒரு நேரத்தில் ஒரு புத்தகம்தான். பழசைத் திருப்பிக் கொடுத்தாத்தான் அடுத்தது.

பெட்டிக்குள்ள புத்தகங்களுக்கு மேல ஒரு லாங் சைஸ் நோட்டு இருக்கும். ஒரு புத்தகத்துக்கு ரெண்டு வரி. வரிசை நம்பர், கதை பேர், எந்த காமிக்ஸ், ஹீரோ யார், எங்க எப்ப வாங்கினது, யாருக்குக் கொடுத்தது, திரும்ப வந்துச்சா. கடைசியில் பென்சிலில் ஒரு குறிப்பு. "அருமை". "சுமார்". "படம் மட்டும் நல்லாருக்கு". "ஒன்பதாம் பக்கம் கிழிச்சது யாருன்னு தெரியும்".

(அது நான்தான்.)

2007-ல் சித்தப்பா தவறிட்டார். காரியம் எல்லாம் முடிஞ்சு ஒரு மாசம் கழிச்சு சித்தி சாவியை எங்கிட்ட கொடுத்தாங்க. நோட்டில் 412 வரை நம்பர் இருந்தது. பெட்டியில் இருந்தது 270 சொச்சம். கொடுத்தது திரும்பாததும் உண்டு, ஒரு மூலையில் கரையான் தின்னதும் உண்டு. "டே தம்பி, இதையாவது கம்ப்யூட்டர்ல ஏத்தி வைடா"ன்னு சித்தி சொன்னாங்க. சித்தப்பா பொண்ணு, எனக்குத் தங்கச்சி, அப்பவே கல்யாணமாகி வெளியூர் போயிருந்தா. அவளுக்கும் ஒரு காப்பி வேணும்னு சொன்னா.

அப்படித்தான் இந்த சாஃப்ட்வேர் தேடல் ஆரம்பிச்சது.

படம் பார்க்க ஒரு மென்பொருள்

2008-ல் எங்கிட்ட இருந்தது விண்டோஸ் எக்ஸ்பி போட்ட ஒரு பொட்டியும் ஒரு சாதா ஸ்கேனரும். பின்னைப் பிரிச்சு, தாளைப் பரப்பி, பக்கம் பக்கமா ஸ்கேன் பண்ணி, ஒரு புத்தகத்துக்கு ஒரு ஃபோல்டர். படிக்கணும்னா படம் பார்க்கிற சாதாரண மென்பொருளில் ஒவ்வொண்ணா தள்ளித் தள்ளிப் பார்க்கணும். முதல் நாளே ஒரு கூத்து நடந்தது. ஒண்ணாம் பக்கத்துக்கு அடுத்து பத்தாம் பக்கம் வருது, அப்புறம் பதினொண்ணு. மாயாவி ரெண்டாம் பக்கத்தில் ஷாக் அடிச்சு மறையறதுக்கு முன்னாடியே வில்லன் செத்துட்டான்!

காரணம் சிம்பிள். பல மென்பொருள்கள் கோப்புப் பேரை எழுத்து எழுத்தாத்தான் ஒப்பிடும். அதுக்கு 10 என்பது 2-க்கு முன்னால். 001, 002 என்று பூஜ்யம் சேர்த்துப் பேர் வச்சா தீர்ந்தது. இன்னிக்கு வர்ற நல்ல மென்பொருள்கள் எண்ணை எண்ணாகவே புரிஞ்சுக்கும். இருந்தாலும் நான் பூஜ்யத்தை விடலை. எந்தக் காலத்து மென்பொருளுக்கும் புரியற பாஷை அது.

வெள்ளைக்காரங்க இந்தப் பிரச்சினையை எனக்கு முன்னாடியே சந்திச்சிருக்காங்க. டேவிட் ஐடன் என்பவர் விண்டோஸுக்கு சிடிஸ்ப்ளே என்று ஒரு சின்ன மென்பொருள் எழுதினார். வேலை ஒண்ணே ஒண்ணு: படங்களை வரிசையாக, திரை நிறையக் காட்டறது. பக்கங்களை ஒரு ஜிப் பொட்டலத்திலோ ரார் பொட்டலத்திலோ கட்டி, பொட்டலத்தோட பின்பேரை மட்டும் மாத்திட்டா போதும். ஜிப் என்றால் சிபிஇசட், ரார் என்றால் சிபிஆர். காமிக் புக்கின் முதல் எழுத்துகள்தான் அந்த 'சிபி'.

இதில் ரகசியம் எதுவுமே கிடையாது. ஒரு சிபிஇசட் கோப்போட பின்பேரை மறுபடி ஜிப் என்று மாத்தினா உள்ள இருக்கிற படங்கள் அப்படியே வெளியே வந்துடும். தனி நிறுவனம் கிடையாது, உரிமம் கிடையாது. ஒரு மென்பொருளுக்காக வச்ச செல்லப் பேர் உலகம் பூரா வழக்கமாயிடுச்சு. சிடிஸ்ப்ளேக்குப் புதுப் பதிப்பு வர்றது சில வருஷத்திலேயே நின்னுபோச்சு. ஆனா அந்த வழக்கம் நிக்கலை. லினக்ஸில் காமிக்ஸ், அதிலிருந்து பிரிஞ்ச எம்காமிக்ஸ், விண்டோஸில் சிடிஸ்ப்ளேஎக்ஸ் என்று வரிசையா வந்த எல்லாமே அதே பொட்டலத்தைத்தான் பிரிச்சுது.

ஜிப்பா ராரா என்று கேட்டா, நான் ஜிப் கட்சி. 1989-ல் ஃபில் காட்ஸ் உருவாக்கின ஜிப்போட விதிமுறை வெளிப்படையா இருக்கு, யார் வேணும்னாலும் கட்டலாம், பிரிக்கலாம். 1993-ல் யூஜின் ரோஷல் கொண்டுவந்த ராரைப் பிரிக்க எல்லாராலும் முடியும், கட்டறதுக்கு அவங்க மென்பொருள்தான் வேணும். ரார் நல்லா சுருக்குமேன்னு கேப்பீங்க. ஜேபெக் படம் ஏற்கெனவே சுருங்கினது. பிழிஞ்ச துணியை இன்னொரு தரம் பிழிஞ்சா எத்தனை சொட்டு வரும்?

தமிழில் பேர் வச்ச பாவம்

நான் கோப்புகளுக்கு ஆசையா தமிழில் பேர் வச்சேன். எக்ஸ்பியில் அழகா தெரிஞ்சுது. ஜிப் பண்ணி நண்பர் பொட்டியில் திறந்தா, மாயாவிக்குப் பதிலா வரிசையா கேள்விக்குறி. "என்னய்யா, எல்லாமே மர்மக் கதையா?"ன்னு கேட்டார்.

யூனிகோடில் தமிழ் 1991-லேயே வந்தாச்சு. ஆனா சாதாரண ஜனங்க கைக்கு அது விண்டோஸ் 2000, எக்ஸ்பி காலத்தில்தான் வந்து சேர்ந்தது. அதுவரை டிஸ்கி, டாப், டாம், பாமினி என்று ஆளுக்கொரு எழுத்துரு முறை. ஒருத்தர் அடிச்சதை இன்னொருத்தர் படிக்க அதே எழுத்துரு வேணும். இது போதாதுன்னு ஜிப்புக்கு ஒரு பழைய வியாதி. உள்ளே இருக்கிற கோப்புப் பேர்களை ஐபிஎம் காலத்து ஆங்கில எழுத்துத் தொகுப்பில்தான் எழுதணும்னு அதன் மூல விதி. யூனிகோடு பேரை அடையாளம் காட்டற வசதி 2006-ல்தான் விதிமுறையில் சேர்ந்தது. அதை எல்லா மென்பொருளும் கத்துக்க இன்னும் பல வருஷம் ஆச்சு.

அதனால அப்ப ஒரு முடிவு எடுத்தேன். பொட்டலத்துக்கு உள்ளே பக்கங்களுக்கு வெறும் எண். பொட்டலத்துக்கு வெளியே சுருக்கமா ஒரு பேரும் இதழ் எண்ணும். கதை பேர், ஹீரோ, வருஷம் இதெல்லாம் வேற எங்கேயாவது. அந்த "வேற எங்கேயாவது"தான் என்னைக் கவுத்துச்சு. அதுக்கு வர்றேன்.

எந்த மாயாவி?

படிக்கிறது ஒரு வேலை, அடுக்கறது வேற வேலை. 2000-களின் பின்பாதியில் காமிக்ரேக் என்று ஒண்ணு விண்டோஸுக்கு வந்தது. இலவசம். பாடல்களை அடுக்கற மென்பொருள் மாதிரி காமிக்ஸை அடுக்கும். அட்டைப் படங்கள் வரிசையா நிக்கும். எது படிச்சாச்சு, எது பாதியில் நிக்குது என்று ஞாபகம் வச்சுக்கும். 'ஸ்பெயின் ஓவியர் வரைஞ்சது, நான் இன்னும் படிக்காதது' என்று நிபந்தனை போட்டா அதுவே பட்டியல் கொடுக்கும். அசந்துட்டேன்.

ஆனா இதெல்லாம் அமெரிக்க அலமாரிக்குத் தைச்ச சட்டை. அங்கே தொடர் என்றால் பெரும்பாலும் ஹீரோ பேர். சூப்பர்மேன் 1, சூப்பர்மேன் 2. புத்தக விவரத்தையும் இணையத் தகவல் கிடங்குகளிலிருந்து தானா இழுத்துக்கும். அவங்க அந்த வேலையை எப்பவோ ஆரம்பிச்சுட்டாங்க, கிராண்ட் காமிக்ஸ் டேட்டாபேஸ் என்ற தன்னார்வப் பட்டியல் 1994-லிருந்து இருக்கு. நம்ம ஊரில் தொடர் என்பது பதிப்பகத்தோட பேர். முத்து காமிக்ஸில் ஒரு மாசம் இரும்புக்கை மாயாவி, அடுத்த மாசம் ஜானி நீரோ, அதுக்கடுத்து லாரன்ஸ்-டேவிட். இதழ் எண் ஓடிக்கிட்டே இருக்கும், ஹீரோ மாறிக்கிட்டே இருப்பார்.

சரி, ஹீரோ பேரில் அடுக்கலாம்னா அங்கேயும் வில்லங்கம். முத்து காமிக்ஸில் மாயாவி என்றால் இரும்புக்கைக்காரர், மின்சாரம் பாய்ஞ்சா உடம்பு மறையும், கை மட்டும் தெரியும். ராணி காமிக்ஸில் மாயாவி என்றால் முகமூடி போட்டு காட்டில் இருக்கிற ஃபேண்டம். வேதாளர் என்ற பேரில் வேற இதழ்களில் வந்ததும் இதே ஃபேண்டம்தான். அதாவது ரெண்டு ஆளுக்கு ஒரே பேர், ஒரே ஆளுக்கு ரெண்டு பேர். மென்பொருளுக்குத் தலை சுத்தும்.

இன்னொரு சங்கதி, நம்ம காமிக்ஸ் ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு ஜென்மம். லயன் காமிக்ஸில் 80-களில் பார்த்த ஸ்பைடர், பிரிட்டனில் 1965-லேயே பிறந்தவர். அந்தக் கதைகளில் பலதை எழுதினவர் சூப்பர்மேனை உருவாக்கின ஜெர்ரி சீகல். டெக்ஸ் வில்லர் 1948-ல் இத்தாலியில் பிறந்தவர். வருஷம் என்ற கட்டத்தில் எதைப் போடறது, மூலம் வந்த வருஷமா, தமிழில் வந்த வருஷமா?

விடை சித்தப்பா நோட்டில் இருந்தது. முதல் கட்டம் வரிசை எண், ரெண்டாவது கதை, மூணாவது எந்த காமிக்ஸ், நாலாவது ஹீரோ. நானும் அதே மாதிரி தொடர் கட்டத்தில் பதிப்பகம், எண் கட்டத்தில் இதழ் எண், பாத்திரங்கள் கட்டத்தில் ஹீரோ, வருஷ கட்டத்தில் தமிழில் வந்த வருஷம் என்று வச்சேன். மாத்துத் தொடர் என்று ஒரு கட்டம் இருக்கும், அதில் மூலத்தோட பேர். ராணி மாயாவிக்குப் பக்கத்தில் ஃபேண்டம் என்று ஒரு அடைப்புக்குறி. எந்த மென்பொருளை எடுத்தாலும் இந்த முறை ஒத்துவரும். ஒரு ஷிப்டுக்காரர் 70-களில் போட்ட கட்டம் இன்னிக்கும் வேலை செய்யுது!

தொலைஞ்சது

இனிமே சொல்லப் போறது கொஞ்சம் சங்கடமான விஷயம்.

2009-ல் ஸ்கேன் வேலை முடிஞ்சது. அடுக்கறதுக்கு அப்ப ஒரு மென்பொருளைப் பிடிச்சு வச்சிருந்தேன் (பேர் வேண்டாம், அதன் மேல தப்பில்லை). சித்தியோட நோட்டை வாங்கி வந்து, ராத்திரி ராத்திரியா உட்கார்ந்து, பென்சில் குறிப்பு உட்பட அத்தனையும் ஈ-கலப்பையில் தட்டி ஏத்தினேன். அஞ்சு மாசம். முடிச்சதும் நோட்டைப் பத்திரமா சித்திகிட்ட திருப்பிக் கொடுத்தேன். தங்கச்சிக்கு எல்லாக் கோப்பையும் டிவிடியில் எழுதி அனுப்பினேன்.

போன் பண்ணினா. "அண்ணே, படம் எல்லாம் வந்திருச்சு. அப்பா எழுதினது எங்க?"

அப்பதான் உறைச்சுது. தட்டினது எல்லாம் கோப்புக்குள்ள இல்லை. மென்பொருள் தன்னோட கிடங்கில், என் பொட்டியோட சி டிரைவில் ஒரு மூலையில் வச்சிருக்கு. கோப்பைக் காப்பி பண்ணினா படம்தான் போகும். "சரி, அதை எப்படி எடுக்கிறதுன்னு பார்த்து அனுப்பறேம்மா"ன்னேன். பார்க்கலை. ஆபீசில் ஆணி அதிகம், அது இதுன்னு ரெண்டு வருஷம் ஓடிருச்சு.

2011-ல் வைரஸ் புகுந்து பொட்டி படுத்துருச்சு. சி டிரைவை அழிச்சு விண்டோஸை மறுபடி போட்டாங்க. "டேட்டா எல்லாம் டி டிரைவில் இருக்கு, தாராளமா அழிங்க"ன்னு சொன்னது நான்தான். ஸ்கேன் பண்ணின படங்கள் டி டிரைவில் பத்திரமா இருந்தது. அஞ்சு மாசம் தட்டினது போச்சு.

அப்பக்கூட பெரிசா பதறலை. நோட்டு இருக்கே, திரும்ப அடிச்சுக்கலாம். அந்த "அடிச்சுக்கலாம்" மூணு வருஷம் இழுத்துச்சு. 2014 பொங்கலுக்குப் போய் கேட்டேன். சித்தி முகம் மாறிப்போச்சு. வீட்டுக்கு வெள்ளையடிச்சப்ப பரண் சாமான் எல்லாம் கீழே இறக்கியிருக்காங்க. பழைய பேப்பரோட பேப்பரா நோட்டும் எடைக்குப் போயிருச்சு. "நீதான் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டேன்னு சொன்னியேடா"ன்னாங்க.

பதில் சொல்ல வாய் வரலை.

ஒண்ணே ஒண்ணு மிஞ்சினது. அந்த நோட்டில் நடுத் தாள்கள் மூணு தையல் விட்டுத் தனியா வந்திருந்தது. ஸ்கேனரை முதல் முதலா சோதிச்சுப் பார்க்க, தட்டையா கிடைச்ச காகிதம்னு அந்தத் தாள்களைத்தான் வச்சேன். 12 பக்கம். பக்கத்துக்கு 12 புத்தகம். 140-லிருந்து 283 வரை. 'சோதனை' என்று பேர் வச்ச ஒரு ஃபோல்டரில் டி டிரைவில் தூங்கிக்கிட்டு இருந்தது. 412-ல் 144. மீதி 268 வரி எங்கேயும் கிடையாது.

காமிக்ஸைக் கூட எங்கேயாவது தேடிப் பிடிச்சுடலாம். ராணி காமிக்ஸ் 2005-ல் நின்னுபோனாலும் சேகரிப்பாளர்கள்கிட்ட இருக்கும். லயன்-முத்து 2012-ல் புதுப்பொலிவோட திரும்பி வந்து, பழைய கதைகள் பலதும் மறுபதிப்பா வந்தது. ஆனா யாரு ஒன்பதாம் பக்கத்தைக் கிழிச்சாங்கன்னு எழுதின மறுபதிப்பு யார்கிட்டயும் கிடைக்காது.

சாவி யார் கையில்?

அதுக்கப்புறம் எந்த மென்பொருளைப் பார்த்தாலும் ஒரே ஒரு கேள்விதான் கேட்கிறேன். நாளைக்கு இந்த மென்பொருளை அழிச்சுட்டா என்ன மிஞ்சும்?

காமிக்ரேக்கையே எடுத்துக்குவோம். 2010-களில் அதுக்குப் புதுப் பதிப்பு வர்றது நின்னுபோச்சு. ஆனா அது ஒரு நல்ல பழக்கத்தை விட்டுட்டுப் போச்சு. புத்தக விவரத்தை சிபிஇசட் பொட்டலத்துக்கு உள்ளேயே, படங்களோட படமா, காமிக்இன்ஃபோ என்ற பேரில் ஒரு சின்ன எக்ஸ்எம்எல் கோப்பா எழுதி வைக்கும். அதை நோட்பேடில் திறந்தாலே படிக்கலாம். யூனிகோடு தமிழ் தாராளமா ஏறும். பொட்டலம் எங்கே போனாலும் குறிப்பும் கூடவே போகும். அட்டைக்குப் பின்னால நோட்டோட தாளைச் சேர்த்துத் தைச்ச மாதிரி.

இங்கேயும் ஜிப் கட்சிதான் ஜெயிக்குது. ரார் பொட்டலத்துக்குள்ள எழுத முடியாததால, சிபிஆர் கோப்புகளுக்கு அந்த விவரம் விண்டோஸ் என்டிஎஃப்எஸ் வட்டோட ஒரு மறைவான பக்க ஓட்டத்தில் போய் உட்காரும். சாதாரண பென் டிரைவ்கள் பெரும்பாலும் ஃபேட் முறையில் இருக்கும். அதில் காப்பி பண்ணினா அந்தப் பக்க ஓட்டம் போகாது. புத்தகம் ஏறும், குறிப்பு பிளாட்ஃபாரத்திலேயே நின்னுடும்.

பின்னால வந்தவங்களும் அந்தச் சின்னக் கோப்பைப் படிக்கக் கத்துக்கிட்டாங்க. வீட்டுக் கணினியில் ஓடவிட்டு போனில் படிக்கிற கோம்கா, கவிதா (பேரைப் பார்த்ததும் நம்ம ஊர்ப் பொண்ணுன்னு நினைச்சேன்) ரெண்டும் அதைப் படிக்கும். காமிக்ரேக்கையே ஆர்வலர்கள் சேர்ந்து சமூகப் பதிப்பு என்று 2020-களில் உயிர்ப்பிச்சிருக்காங்க. நின்னுபோன மென்பொருளோட குறிப்பு அடுத்த தலைமுறை மென்பொருளில் உயிரோட இருக்கு. எனக்கு வேண்டியது இதுதான்.

காசு கொடுத்து டிஜிட்டலில் வாங்கறவங்களுக்கும் இதே கேள்விதான். ஜேமங்கா என்று ஒரு தளம், ஜப்பான் காமிக்ஸை ஆங்கிலத்தில் வித்தது. 2013-ல் இழுத்து மூடினாங்க. காசு கொடுத்தவங்க அலமாரியும் சேர்ந்து மூடிருச்சு, ஏன்னா புத்தகம் அவங்க தளத்தில்தான் இருந்தது. 2007-ல் ஆரம்பிச்ச காமிக்ஸாலஜியை 2014-ல் அமேசான் வாங்கிச்சு. 2023 டிசம்பரில் அதன் தனிச் செயலியை மூடி கிண்டிலுக்குள்ள சேர்த்தாங்க. புத்தகம் மிஞ்சினது, ஆனா வாசகர் பழகின அலமாரி போச்சு.

பூட்டு நம்ம ஊர் சமாச்சாரம். 2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடே கிடைச்சது. பூட்டைக் காசு கொடுத்து வாங்கினா சாவியையும் சேர்த்துக் கொடுக்கிறதுதான் இங்கே வியாபாரம். பூட்டு உங்களுக்கு, சாவி எங்ககிட்டன்னு எவனாவது சொன்னா நாகல் நகரில் அவனை டீக்கடையில் கூட உட்கார விடமாட்டாங்க :-)

நண்பருக்கு பதில்

இனிமே பேர் சொல்றேன்.

ஸ்கேன் பண்ணினதைச் சும்மா படிக்க மட்டும்னா எதையும் போடுங்க. விண்டோஸில் சிடிஸ்ப்ளேஎக்ஸ், லினக்ஸில் எம்காமிக்ஸ், ஆண்ட்ராய்டு போனில் பெர்ஃபெக்ட் வியூவர். பார்க்க வேண்டியது மூணு. பக்கத்தைச் சுருக்கும்போது பொடி எழுத்து உடையாம இருக்கணும் (நம்ம பாக்கெட் சைஸ் புத்தகங்களுக்கு இது ரொம்ப முக்கியம்). விட்ட பக்கத்தை ஞாபகம் வச்சுக்கணும். அகலத்துக்குப் பொருத்திப் படிக்க விடணும்.

அடுக்கணும்னா, விண்டோஸ்காரங்களுக்கு காமிக்ரேக் சமூகப் பதிப்பு. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூணிலும் வேணும்னா யாக்ரீடர். இது தன்னோட கிடங்கை உங்க காமிக்ஸ் ஃபோல்டருக்குள்ளேயே வச்சுக்கும். வீட்டில் நாலு பேர், நாலு போன்னா கோம்கா. அது ஒரு ஃபோல்டரை ஒரு தொடரா எடுத்துக்கும், அதனால பதிப்பகத்துக்கு ஒரு ஃபோல்டர் போட்டா நம்ம முறைக்கு அப்படியே பொருந்தும். காலிபர் வச்சிருக்கறவங்க உண்டு. 2006-ல் நம்ம நாட்டுக்காரர் கோவிட் கோயல் ஆரம்பிச்ச அருமையான மென்பொருள், ஆனா அது புத்தகத்தைத் தன்னோட ஃபோல்டரில் காப்பி எடுத்துத் தன் இஷ்டப்படி அடுக்கும். கதை, கட்டுரைப் புத்தகத்துக்கு ஓகே. காமிக்ஸ் ஆயிரக்கணக்கில் இருந்தா இடம் தாங்காது.

எதைப் போட்டாலும் நாலு விஷயம் செஞ்சுடுங்க. எல்லாம் சிபிஇசட்டா இருக்கட்டும். பக்கத்துக்கு 001, 002. விவரம் கோப்புக்குள்ளேயே எழுதப்படுதான்னு, ஒரு கோப்பை வேற பொட்டியில் திறந்து உங்க கண்ணால பாருங்க. அப்புறம் ரெண்டு ஹார்ட் டிஸ்கில் காப்பி, அதில் ஒண்ணு வேற வீட்டில்.

இன்னொண்ணும் சொல்லிடறேன். உங்க புத்தகத்தை உங்களுக்காக ஸ்கேன் பண்றது வேற, ஊருக்கு விநியோகம் பண்றது வேற. சிவகாசியில் இன்னிக்கும் கஷ்டப்பட்டு புத்தகம் போடறாங்க. புதுசைக் காசு கொடுத்து வாங்கிப் படிங்க. சித்தப்பா ஒரு புத்தகத்தைக்கூட ஓசியில் வாங்கினதில்லை.

211

மிஞ்சின 144 வரியையும் போன வருஷம் மறுபடி தட்டினேன். இந்தத் தடவை ஒவ்வொண்ணும் அந்தந்தக் கோப்புக்குள்ள. கூடவே 12 பக்க ஸ்கேனையும் தனியா ஒரு சிபிஇசட்டா கட்டி வச்சுட்டேன். தங்கச்சிக்கு ஒரு டிஸ்க் அனுப்பினேன். அவ பையன்தான் வீட்டில் கோம்கா போட்டு அம்மா போனில் வர்ற மாதிரி செஞ்சு கொடுத்திருக்கான். அட்டையைத் தொட்டா கீழே தாத்தா குறிப்பு வருது.

ஒரு ஞாயித்துக்கிழமை போன் வந்தது.

"அண்ணே, இருநூத்திப் பதினொண்ணு பார்த்தீங்களா?"

பார்த்திருக்கேன். நானே தட்டினது. லயன் காமிக்ஸ், எண் 1, 'கத்தி முனையில் மாடஸ்டி', 1984. குறிப்பு: "பெரியாஸ்பத்திரி மரத்தடியில் படிச்சது. பாதியிலேயே பாப்பா பொறந்துட்டா. மீதி அப்புறம்."

"பாதியில விட்டுட்டாரே, அப்புறம் படிச்சு முடிச்சாராண்ணே?"ன்னு கேட்டா.

நோட்டில் அதுக்கு மேல எதுவும் இல்லைம்மான்னு சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "நான் முடிச்சுட்டேன். அந்தக் கட்டத்தில் என் பேர்ல ஒரு வரி எப்படி எழுதறதுன்னு சொல்லிக் கொடுங்க"ன்னா.

சொல்லிக் கொடுத்தேன். கோப்புக்குள்ளதான் எழுதுதான்னு ரெண்டு தரம் பார்க்கச் சொல்லியிருக்கேன்.

மீண்டும் சந்திப்போம் மக்களே.